காக்கை கொத்திய சத்தம்!

கோவில்பட்டியில் ரயில் போனால் தண்டவாளத்து ஓர வீடுகளில் பாத்திரங்கள் கடகடவென்று ஆடும். பழகிப்போன சங்கதி. ஆனால் காக்கை கொத்தினாலே கலங்கிப்போகும் கருவி ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது, தெரியுமா?

அதன் பெயர் 'லைகோ'. விண்வெளியில் இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானால், குளத்தில் கல் விழுந்த மாதிரி ஈர்ப்பு அலை கிளம்பும். 2015 செப்டம்பர் 14-ல் அதை முதன்முதலாகப் பிடித்தது லைகோதான்.

4 கிலோமீட்டர் நீளக் குழாய்கள் இரண்டு. உள்ளே லேசர் ஒளி ஓடுகிறது. கோடியில் தொங்கும் 40 கிலோ கண்ணாடி அணுக்கருவைவிடச் சிறிய அளவு அசைந்தாலும் தெரிந்துவிடும். லாரி போனாலும் தொல்லை. கடல் அலை அடித்தாலும் தொல்லை! அதனால் கண்ணாடியை நாலு அடுக்காகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். தரையின் ஆட்டம் அடுக்குக்கு அடுக்கு குறைந்துகொண்டே வரும்.

2017-ல் ஹான்போர்டு நிலையத்தில் விசித்திர சத்தம் பதிவாயிற்று. தேடிப் போனால், அண்டங்காக்கைகள் வெளிக்குழாயில் படிந்த பனிக்கட்டியைக் கொத்திக்கொண்டிருந்தன! பாவம், தாகம்.

நல்ல வேளை, 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் லிவிங்ஸ்டனில் இன்னொரு கருவி உண்டு. நிஜ அலை இரண்டிலும் பதிவாகும். காக்கை கொத்தியது ஒன்றில்தான் கேட்கும்.

மகாராஷ்டிரத்தில் ஹிங்கோலி மாவட்டத்தில் இப்படி ஒன்று அமைக்க 2023-ல் மத்திய அரசு 2,600 கோடி ரூபாய்க்கு அனுமதி தந்தது. அதுவும் நம்மைப் போல் கரிசல் பூமிதான்.