அதி அகலக்கோண வில்லையும் கட்டட ஒளிப்படமும்

அதி அகலக்கோண வில்லை என்பது, 36 x 24 மி.மீ உணரி கொண்ட முழுச்சட்ட ஒளிப்படக்கருவிகளில் 24 மி.மீ இலும் குறைந்த குவியத்தூரம் உடைய வில்லை ஆகும். 24 மி.மீ வில்லையின் மூலைவிட்டப் பார்வைக் கோணம் ஏறத்தாழ 84 பாகை, 14 மி.மீ வில்லையில் இது 114 பாகை. பின்னோக்கிச் செல்ல இடமில்லாத தெருக்களிலும் சிறிய அறைகளிலும் கட்டடங்களை முழுமையாகப் படமெடுக்க இவை பயன்படுகின்றன. மீன்விழி வில்லைகள் நேர்கோடுகளை வளைத்துக் காட்டுவதால், கட்டடங்களுக்குப் பெரும்பாலும் நேர்கோடுகளை நேராகவே பதியும் வில்லைகளே தெரிவு செய்யப்படுகின்றன.

குவியும் நிலைக்குத்துக் கோடுகள்

உணரியின் தளம் கட்டட முகப்புக்கு இணையாக இருக்கும்போது, சுவரின் நிலைக்குத்து விளிம்புகள் படத்திலும் இணையாக அமையும். உச்சியைச் சட்டத்துள் கொண்டுவருவதற்காகக் கருவியை மேல்நோக்கிச் சாய்த்தால் அவ்விணைவு கெடுகிறது. விளிம்புகள் மேலே செல்லச்செல்ல நெருங்கி, கட்டடம் பின்புறம் சாய்வதுபோலத் தோன்றும். இது வில்லையின் குறைபாடு அன்று. சாய்வின் விளைவு ஆகும். சாய்க்காமல் எடுத்தால் விளிம்புகள் நேராக நிற்கும். ஆயினும் படத்தின் கீழ்ப்பாதியைப் பெரும்பாலும் தரையே நிரப்பிவிடும்.

எடுத்துக்காட்டு

செருமனியின் கோல்ன் பேராலயக் கோபுரங்களின் உயரம் 157 மீட்டர். கருவியை நெடுக்கு நிலையில், தரையில் இருந்து 1.5 மீட்டர் உயரத்தில், சாய்க்காமல் வைப்பதாகக் கொள்வோம். கோபுர உச்சி சட்டத்துள் அடங்குவதற்குத் தேவையான தொலைவு பின்வருமாறு அமையும்:

* 50 மி.மீ வில்லை: ஏறத்தாழ 432 மீட்டர்
* 24 மி.மீ வில்லை: ஏறத்தாழ 207 மீட்டர்
* 14 மி.மீ வில்லை: ஏறத்தாழ 121 மீட்டர்
* 12 மி.மீ மேல்நோக்கி நகர்த்திய 17 மி.மீ நகர்வு வில்லை: ஏறத்தாழ 88 மீட்டர்

விளிம்பு நீட்சி

நேர்கோடுகளைக் காப்பதற்கு ஈடாக, சட்டத்தின் ஓரங்களில் உருவங்கள் நீட்சி அடைகின்றன. 14 மி.மீ வில்லையில், மூலையில் உள்ள ஒரு சிறிய கோளம், அகலத்தைப் போல் ஏறத்தாழ 1.8 மடங்கு நீளமுள்ள நீள்வட்டமாகப் பதியும். ஓரத்தில் நிற்கும் மனிதர்களும் தூண்களும் பருத்துத் தெரிவது இதனாலேயே. மேலும், மிக அருகில் நின்று எடுப்பதால் முன்னுள்ளவை பெரிதாகவும் பின்னுள்ளவை மிகச் சிறிதாகவும் தோன்றுகின்றன. சிறிய அறையும் பெரிய கூடம்போல் காட்சியளிக்கும். ஆகவே, ஒரு கட்டடத்தின் அளவு விகிதங்களை ஆவணப்படுத்துவோர் இத்தகைய ஒரு படத்தை மட்டும் சான்றாகக் கொள்ளலாகாது. இயன்றவரை தொலைவிலிருந்து எடுத்த படத்தையும் சேர்த்துக்கொள்ளுதல் நன்று.

திருத்தும் முறைகள்

நகர்வு வில்லையில், உணரியைச் சாய்க்காமலேயே வில்லையை மட்டும் மேல்நோக்கி நகர்த்தலாம். 35 மி.மீ படச்சுருள் கருவிகளுக்கு இவ்வகையில் முன்னோடியான நிக்கானின் 35 மி.மீ வில்லை 1962 இல் விற்பனைக்கு வந்தது. கேனன் நிறுவனம் 17 மி.மீ நகர்வு வில்லையை 2009 இல் அறிமுகப்படுத்தியது.

கணினி மென்பொருள் கொண்டும் கோடுகளை நிமிர்த்தலாம். அவ்வாறு செய்யும்போது படத்தின் மேற்பகுதி விரிக்கப்படுவதால் அங்கே நுணுக்கம் குறையும், ஓரங்களும் வெட்டுப்படும். எனவே படமெடுக்கும்போதே கட்டடத்தைச் சுற்றிப் போதிய இடம் விடுதல் வேண்டும்.