பத்து மணிக்கு முன், ஆறு மணிக்குப் பின்

வேலையாகப் போன இடத்தில் ஊர் பார்க்க நேரம் ஏது? அகமதாபாத்தில் கழித்த நான்கு நாட்கள் தந்த பதில் இது.

முற்றத்தின் நடுவே, தரையோடு தரையாக ஒரு வட்ட மூடி. எண்பது வயதைத் தொடும் அந்த அம்மா அதை இரு கைகளாலும் நகர்த்தினார். உள்ளே கும்மிருட்டு. கயிற்றில் கட்டிய சிறு செப்புக்குடம் இறங்கியது. எங்கோ ஆழத்தில் அது தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்டது. மேலே வந்த நீரை வெள்ளைத் துணியில் வடிகட்டி, டம்ளரில் ஊற்றி என்னிடம் நீட்டினார். போன ஆடியிலும் ஆவணியிலும் அந்த வீட்டுக் கூரைமேல் பெய்த மழை அது. நான் குடித்தது மாசி மாதக் காலையில்.

நான் கோயம்புத்தூர்க்காரன். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் ருசி விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. இனி அந்தப் பெருமையில் இந்த முற்றத்துக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. அப்போது மணி எட்டே முக்கால். பத்தரை மணிக்கு நான் நரோடா தொழிற்பேட்டையில் ஒரு ஆலையில் இருக்க வேண்டும்.

போகாத ஊரா, பார்க்காத ஊரா?

நூற்பாலை இயந்திரங்களுக்கு உதிரிபாகம் செய்யும் நிறுவனத்தில் எனக்கு வேலை. இருபது வருடங்களாக ஊர் ஊராகப் போய் வருகிறேன். விமான நிலையம், ஓட்டல் அறை, ஆலை, மீண்டும் ஓட்டல் அறை. ஹைதராபாத்துக்கு மூன்று முறை போயும் சார்மினாரைப் பார்த்ததில்லை. கொல்கத்தாவில் ஹூக்ளி நதியைக் கார் கண்ணாடி வழியே பார்த்ததோடு சரி. யாராவது அந்த ஊர் எப்படி என்று கேட்டால், ஓட்டல் சாப்பாட்டைத் தவிரச் சொல்ல ஒன்றும் இருக்காது.

நேரமில்லை என்பதைத்தான் காரணமாக நினைத்திருந்தேன். அகமதாபாத் பயணத்துக்கு முன் ஒரு தாளில் நான்கு நாட்களையும் எழுதிப் பார்த்தேன். ஆலை வேலை காலை பத்தரையிலிருந்து மாலை ஆறு வரை. விடிந்ததிலிருந்து பத்து மணிவரையும், ஆறு மணிக்குப் பிறகு தூங்கும்வரையும் என் நேரம்தான். அதை இத்தனை வருடமும் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் கொடுத்து வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒரு முடிவு எடுத்தேன். ஒரு வேளைக்கு ஒரே ஓர் இடம். ஆலைக்குப் பக்கத்தில் அறை எடுக்காமல், பழைய நகரத்துக்குப் பக்கத்தில் எடுத்தேன். ஆட்டோவுக்கும் மெட்ரோவுக்கும் ஆகும் செலவு என் சொந்தக் காசு. நிறுவனத்தின் நேரத்திலிருந்து ஒரு நிமிடம்கூட எடுக்கக் கூடாது.

கல்லில் முளைத்த மரம்

முதல் நாள் மாலை, லால் தர்வாஜா பக்கம் போனேன். நாலாபுறமும் பஸ்களும் ஆட்டோக்களும் சுற்றி வரும் இரைச்சலுக்கு நடுவே சின்னதாக ஒரு பள்ளிவாசல். 1572-73இல் கட்டப்பட்டது. குஜராத் சுல்தான்களின் ஆட்சியை அக்பரின் படை முடித்து வைத்த காலம் அது. கட்டியவர் சீதி சையத், அபிசீனிய வழியில் வந்தவர். ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த சமூகத்தைச் சேர்ந்த ஒருவரின் பெயரைத்தான் இந்த ஊரின் ஆகப் புகழ்பெற்ற கலைப்பொருள் தாங்கி நிற்கிறது.

மேற்குச் சுவரின் வளைவுகளில் கல் சாளரங்கள். ‘ஜாலி’ என்கிறார்கள். அதில் ஒன்றில் ஒரு மரம். அடிமரத்திலிருந்து கிளைகள் கொடி போல வளைந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வளைவு முழுவதும் படர்கின்றன. நடுவே ஒரு பனை நிமிர்ந்து நிற்கிறது. உள்ளே நின்று பார்த்தேன். மேற்கில் இறங்கும் வெயில் அந்த இடைவெளிகள் வழியே வந்தபோது, கல் கறுத்து வெளிச்சம் மட்டும் தெரிந்தது. ஒரு கிளையைக் கண்ணால் பிடித்துக்கொண்டு அது எங்கே போய் முடிகிறது என்று தொடர்ந்து பார்த்தேன். மூன்று முறை வழி தவறினேன். நான்காவது முறை நுனிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் போய்விட்டது. இந்திய மேலாண்மைக் கழகத்தின் அகமதாபாத் நிறுவனத்துக்குச் சின்னம் தந்ததும் இந்த ஜாலிதான்.

இருபது நிமிடம் ஒரே சாளரத்தின் முன் நின்றிருக்கிறேன். ஐந்து இடங்களை ஓடி ஓடிப் பார்த்திருந்தால் அந்தக் கிளையின் நுனி எனக்குக் கிடைத்திருக்காது.

ஒரு கேள்வி திறந்த கதவு

இனி அந்தத் தண்ணீருக்கு வருகிறேன். முதல் நாள் மதியச் சாப்பாட்டில் எதிரே உட்கார்ந்திருந்தவர் அந்த ஆலையின் கொள்முதல் அதிகாரி. ஆறு வருடங்களாகப் போனில் பேசுகிறோம். விலை, தவணை, தாமதம் தவிர வேறு பேசியதில்லை. “நீங்க பிறந்து வளர்ந்தது எங்கே?” என்று கேட்டேன். பருப்பில் கை வைத்தவர் அப்படியே நிறுத்தினார். “போள்ல. அம்மா இன்னும் அங்கேதான் இருக்காங்க. வர்றீங்களா?”

போள் என்பது பழைய அகமதாபாத்தின் குடியிருப்பு முறை. ஒரு பெரிய வாசல். அதற்குள் குறுகிய தெரு. தெருவிலிருந்து கிளை பிரியும் சந்துகள். ஒரே சமூகத்தையோ ஒரே தொழிலையோ சேர்ந்தவர்கள் ஒரு போளில் வாழ்ந்தார்கள். இரவில் வாசலைச் சாத்திவிட்டால் தெருவே ஒரு வீடு. 1411இல் சுல்தான் அகமது ஷா எழுப்பிய இந்த மதில் நகரத்தை 2017 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. இந்தியாவில் அந்தப் பெயரை முதலில் பெற்ற நகரம் இதுதான்.

காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலிலிருந்து ஜாமா மசூதி வரை, தினமும் காலையில் மாநகராட்சியின் பாரம்பரிய நடை புறப்படுகிறது. 1997இல் தொடங்கியது. கோயிலில் ஆரம்பித்து, சமணக் கோயில்களைக் கடந்து, மசூதியில் முடிகிற நடை. முழுதாக நடக்க இரண்டரை மணி நேரம் ஆகும் என்பதால், கொள்முதல் அதிகாரி மறுநாள் காலை ஏழரை மணிக்கே வந்து பாதி வழியைத் தானே நடத்திக் காட்டினார். அங்கே மாசியில் ஏழு மணியை ஒட்டித்தான் சூரியன் எழுகிறது. நாங்கள் நுழைந்தபோது போள் அப்போதுதான் கண் விழித்துக்கொண்டிருந்தது.

ஓட்லோவில் செய்தித்தாள் படிக்கிற பெரியவர்கள். நம் திண்ணையேதான் ஓட்லோ. மரத்தூண்களில் பூவும் யாளியும் யானையும் செதுக்கிய பழைய வீடுகள். பக்கத்திலேயே இடித்துக் கட்டிய சிமெண்ட் வீடு. முச்சந்தியில் ஒற்றைத் தூண்மேல் ஒரு சின்ன மண்டபம்: சபூத்ரோ. பறவைகளுக்குத் தானியம் வைக்கத் தெருவே சேர்ந்து கட்டியது. மதில் எழும்பி மரங்கள் போனபோது, அவற்றில் வாழ்ந்த பறவைகளுக்கும் ஓர் இடம் ஒதுக்கிய மனசு அது. புறாக்களும் கிளிகளும் இறங்கிக்கொண்டிருந்தன. லம்பேஷ்வர் போளில் கவிஞர் தல்பத்ராமின் வெண்கலச் சிலை, தன் வீடு இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. மாலை போடும் உயரமான பீடமில்லை. போகிற பிள்ளைகள் தோளைத் தொடலாம்.

அப்புறம்தான் அந்த அம்மாவின் வீடு. குஜராத்தியில் தாயையும் மூத்த பெண்களையும் ‘பா’ என்கிறார்கள். நானும் பா என்றே கூப்பிட்டேன். டாங்கா என்கிற நிலத்தடித் தொட்டியைப் பற்றி அவர்தான் விளக்கினார்; மகன் மொழிபெயர்த்தார். முதல் மழையில் கூரை கழுவப்பட வேண்டும், அந்தத் தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும். அதன் பிறகு குழாயைத் தொட்டிக்குத் திருப்ப வேண்டும். சுவர் சுண்ணாம்புக் காரை. வெளிச்சம் படாததால் பாசி பிடிக்காது. நகராட்சிக் குழாய் வந்த பிறகு பல வீடுகளில் டாங்கா தூர்ந்துபோனது. பா மட்டும் விடவில்லை. “பருப்பு வேக வேணும்னா இந்தத் தண்ணிதான் வேணும்” என்றார்.

தொழிலாளர்கள் கூடிய கரை

இரண்டு மான்செஸ்டர்களின் உறவு என்னை அடுத்த நாள் முழுவதும் துரத்தியது. எங்கள் ஊரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்கிறோம். அகமதாபாத்தை இந்தியாவின் மான்செஸ்டர் என்றார்கள். அங்கே முதல் ஆலை 1861இல் ஓடத் தொடங்கியது. கோவையில் ஸ்டேன்ஸ் மில் வந்தது 1888இல். இப்போது இரண்டு ஊரிலும் புகைபோக்கிகள் குறைந்துவிட்டன.

மூன்றாம் நாள் மாலை சபர்மதிக் கரையில் நடந்தேன். 1918இல் இதே கரையில், ஒரு கருவேல மரத்தடியில், வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர்கள் தினமும் கூடினார்கள். கொள்ளைநோய்க் காலத்தில் கொடுத்த படியை முதலாளிகள் நிறுத்தியபோது எழுந்த போராட்டம். ஒரு பக்கம் ஆலை முதலாளி அம்பாலால் சாராபாய். மறுபக்கம் தொழிலாளர்களோடு நின்றவர் அவருடைய சொந்த அக்கா அனசூயா சாராபாய். 35 சதவீத உயர்வு கேட்ட தொழிலாளர்கள் சோர்ந்தபோதுதான் காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். அந்த ஊரில் ஆலை ஆட்களோடு பேரம் பேசப் போன எனக்கு, அந்த நடை ஒரு பாடம். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களின் தாத்தாக்கள் அந்த மரத்தடியில் உட்கார்ந்திருக்கலாம்.

பதின்மூன்று தமிழர்கள்

நான்காம் நாள் வேலை மதியமே முடிந்தது. விமானம் இரவில். ஊருக்கு வெளியே 18 கிலோமீட்டரில் இருக்கும் அடாலஜ் படிக்கிணற்றுக்குப் போகலாம் என்றார்கள். அதை அவசரத்தில் பார்க்க மனமில்லை. பக்கத்தில் இருந்த கோச்ரபுக்குப் போனேன்.

சபர்மதி ஆசிரமத்துக்கு முன்னால் காந்தி குடியேறிய இடம் இது. பாரிஸ்டர் ஒருவரின் வாடகை பங்களாவில் 1915 மே 25 அன்று ஆசிரமம் தொடங்கியது. அங்கே இருந்த சுமார் 25 பேரில் 13 பேர் தமிழர்கள் என்று காந்தி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஐந்து இளைஞர்கள் தென்னாப்பிரிக்காவிலிருந்தே அவரோடு வந்தவர்கள். எல்லோருக்கும் ஒரே சமையல், ஒரே பந்தி. சில மாதங்களில் ஒரு தலித் குடும்பம் வந்து சேர்ந்தபோது நன்கொடைகள் நின்றுபோயின. அப்போதும் அந்தக் கூடம் கலையவில்லை.

மாடிப்படி ஏறி அந்த அறைகளைப் பார்த்தேன். நூறு வருடங்களுக்கு முன், மொழி தெரியாத ஊரில், இந்த வராந்தாவில் தமிழ் பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை நினைத்தேன். இந்த ஊருக்கு நான் அந்நியன் என்று நான்கு நாட்களாக எண்ணியிருந்தேன். எனக்கு முன்பே நம் ஆட்கள் இங்கே பாய் விரித்திருக்கிறார்கள்.

நீங்களும் போகலாம்

வேலைப் பயணத்தில் ஊர் பார்க்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள். அறையை ஊரின் பழைய பகுதிக்கு அருகே எடுங்கள். அன்றைய அறிக்கையை இரவே எழுதி முடித்தால் காலை உங்களுடையது. கழற்றி மாட்ட எளிதான செருப்பு போதும். கோயில், மசூதி, வீடு என்று எங்கும் வாசலில் விட வேண்டியிருக்கும். வீட்டு வாசலில் இருப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அது அவர்கள் குடியிருக்கும் தெரு. பெண்கள் தனியாகப் போவதானால் வழிகாட்டியோடு போகும் காலை நடை நல்ல துணை. இரவில் மாணக் சவுக் போன்ற கடைத்தெருவில் சாப்பிடுங்கள். காலையில் காய்கறி, பகலில் நகை, இரவில் சாப்பாடு என்று ஒரே சதுக்கம் மூன்று வேலை பார்ப்பதை அங்கே காணலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, உடன் வேலை செய்பவரிடம் அவர் எங்கே வளர்ந்தார் என்று கேளுங்கள். எந்த வழிகாட்டிப் புத்தகமும் திறக்காத கதவு அதில் திறக்கும்.

திரும்பி வந்த பிறகு ஒன்று மனதை அரித்தது. எங்கள் நிறுவனத்துக்கும் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். இத்தனை வருடமும் அவர்களை ஓட்டல் வாசலில் இறக்கிவிட்டு, “காலையில் ஒன்பது மணிக்கு வண்டி வரும்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஊரைப் பார்க்காமல் போனது என் குறை மட்டுமல்ல; ஊரைக் காட்டாமல் இருந்ததும் என் குறைதான்.

ஐப்பசியில் அந்தக் கொள்முதல் அதிகாரி கோவைக்கு வந்தார். காலை ஆறு மணிக்கு ஓட்டல் வாசலில் நின்றேன். பேரூர் பட்டீசுவரர் கோயிலின் கனகசபை மண்டபத்தில், ஒரே கல்லில் தொங்கும் சங்கிலியைத் தலை நிமிர்ந்து வெகுநேரம் பார்த்தார். பூ மார்க்கெட்டில் சம்பங்கி மூட்டைகளுக்கு நடுவே டீ குடித்தோம். எட்டே முக்காலுக்கு வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். விருந்தாளி ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“சிறுவாணி,” என்றேன். “உங்க பா கொடுத்த தண்ணிக்கு.”