பதினைந்து கல் சேலை

'ஜப்பானியத் தோட்டம்' என்று சொல்லி ஒரு சேலையை விரித்தால், அதில் வளைந்த பாலமும் செர்ரிப் பூவும் இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். அஞ்சல் அட்டையை உடுத்திக்கொண்ட மாதிரிதான்.

கியோட்டோவின் ரியோவான்ஜி கோயில் தோட்டத்தில் பூ கிடையாது. வாரிக் கோடிட்ட வெண்சரளை, பாசி சூழ்ந்த 15 கற்கள், அவ்வளவே. திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு கல்லாவது கண்ணுக்கு மறைந்துவிடும். இந்தச் சூட்சுமத்துக்குச் சேலையைவிடத் தோதான உடை எது? சேலை நெடுகக் கற்களைச் சிதறவிட்டுச் சாயமேற்றினால், கொசுவத்துக்குள் சில, இடுப்புச் சுற்றில் சில என்று ஒளிந்துகொள்ளும். முந்தானையை மட்டும் வெறுமையாக விட வேண்டும். நமக்கு அதுதான் கஷ்டம், வெறும் முந்தானையைப் பார்த்தால் "பாதியில் நிறுத்திவிட்டார்களா?" என்று கேட்காத அத்தை உண்டா?

இதற்கான கைவேலை நமக்குப் புதிதல்ல. மதுரைச் சுங்குடிக்குத் துணியைக் கிள்ளி முடிச்சிட்டுச் சாயத்தில் முக்குவார்கள். ஜப்பானின் நாகோயா நகரைச் சேர்ந்த அரிமட்சுப் பகுதியின் ஷிபோரியும் அதே குடும்பம். அதில் 'அராஷி' என்றொரு முறை: துணியைக் கம்பத்தில் சுற்றி, நூலால் வரிந்து, ஒரு பக்கமாக நெருக்கித் தள்ளிச் சாயமிடுவார்கள். பிரித்தால் சரளையில் வாரிய கோடுகள் தயார். கல்லைச் சுற்றிய வளையங்களுக்கு வட்ட வட்டமாக ஓட்டத் தையல் போட்டு, நூலை இழுத்து இறுக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் இடம் இது.

அந்தச் சேலைக்கான பட்டுக்கும் பெங்களூரிலேயே ஜப்பானியச் சொந்தம் இருக்கிறது. 1893-இல் ஜப்பான் போய்வந்த ஜாம்ஷெட்ஜி டாடா, பிறகு அங்கிருந்து நிபுணர்களை வரவழைத்துப் பசவனகுடிப் பக்கம் பட்டுப்பண்ணை தொடங்கினார். அந்தப் பகுதிக்கு இன்றும் 'டாடா சில்க் ஃபார்ம்' என்றே பெயர். 1991-இல் தொடங்கிய ஜப்பானியக் கூட்டுத் திட்டம் கர்நாடகத்தில் வெண்பட்டுக்கூடு வளர்ப்புக்கு வலுவூட்டியது. மத்திய பட்டு வாரியத்தின் தலைமையகமும் பெங்களூரில்தான். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் நிற்பவர்களுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது மறந்திருக்கலாம்.

பெங்களூரின் துணிக் கலைஞர்களே, வெண்பட்டில், சாம்பல் சாயத்தில், இப்படியொரு சேலை செய்து பாருங்கள். வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முடிச்சிட்ட கைக்கு அச்சுச் சேலையின் விலையைப் பேசாதீர்கள்.