திரும்பும்போது அதிரும் பின் அச்சு

வாகன நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக ஊர்ந்து வெளியே வருகிறது ஒரு பழைய ஃபோர்டு மஸ்டாங். பின்பக்கத்தில் கடகடவென்று அதிர்வு. நெடுஞ்சாலையில் நேராக ஓடும்போது சத்தமே இல்லை. கிரவுன் வீல் பல் உடைந்துவிட்டதோ என்று பயந்து பெரிய செலவுக்குத் தயாராகிறார் வண்டிக்காரர். ஆனால் பல சமயம் உள்ளே எதுவும் உடைந்திருக்காது. கடைசியாக கியர் ஆயில் மாற்றியபோது, அதோடு சேர்க்க வேண்டிய 118 மில்லி திரவத்தைச் சேர்க்காமல் விட்டிருப்பார்கள்.

அமெரிக்காவில் 1986 மாடல் மஸ்டாங் ஜிடியில் வந்த 8.8 அங்குலப் பின் அச்சு இதற்கு நல்ல உதாரணம். கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓடியாக வேண்டும். இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்கொடுப்பதுதான் டிஃபரன்ஷியலின் வேலை. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு குறை உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் பிடிமானம் இழந்தால் அது மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும், கெட்டித் தரையில் நிற்கும் மற்றது அசையாது. இந்தக் குறையைப் போக்க வந்ததுதான் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். ஃபோர்டின் டிராக்‌ஷன்-லாக் அமைப்பில் இருபக்கமும் மெல்லிய கிளட்ச் பிளேட்டுகளை அடுக்கி, ஸ்பிரிங்கால் அழுத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு சக்கரம் வழுக்கினாலும், அந்த பிளேட்டுகளின் உராய்வு, எஞ்சின் விசையில் ஒரு பங்கை மற்ற சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இங்கேதான் எண்ணெய்க்கு இக்கட்டு. அச்சுக்குள் இருக்கும் பல்சக்கரங்களான கிரவுன் வீலும் பினியனும் ஒன்றின்மேல் ஒன்று கடும் அழுத்தத்தில் வழுக்கி ஓடுகின்றன. அங்கே உராய்வு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. அதே எண்ணெயில்தான் கிளட்ச் பிளேட்டுகளும் ஊறிக் கிடக்கின்றன. அவற்றுக்கோ உராய்வுதான் உயிர்.

பல்சக்கரத்தின் தேவையை ஏபிஐ ஜிஎல்-5 தர எண்ணெய் கவனித்துக்கொள்ளும். அதிலுள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள், அழுத்தமும் சூடும் ஏறும் இடத்தில் உலோகத்தோடு வினைபுரிந்து ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கும். பல்லுக்குப் பதில் அந்தப் படலம்தான் தேயும். டிஃபரன்ஷியலுக்குப் பொருந்தும் இதே எண்ணெயை, ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் ஊற்றினால் சில வகைகள் அங்குள்ள பித்தளை வளையங்களை அரித்துவிடக்கூடும். டப்பாவில் காணும் 75டபிள்யூ-90, 75டபிள்யூ-140 போன்ற எண்கள் தடிமனைக் குறிப்பவை. முன்னெண் குளிரில் எண்ணெய் எப்படி ஓடும் என்பதையும், பின்னெண் சூட்டில் எவ்வளவு தடிமனாக நிற்கும் என்பதையும் சொல்கின்றன. பாரம் இழுக்கும் வண்டிகளுக்குப் பின்னெண் பெரிதாக இருப்பது வழக்கம். இதில் சொந்த யோசனைக்கு இடமில்லை, தயாரிப்பாளர் சொன்ன எண்ணே போதும்.

கிளட்ச் பிளேட்டுகளின் கதை வேறு. கனமான பீரோவைத் தரையில் தள்ளினால் முதலில் அசைய மறுத்து, பிறகு சட்டென்று நகர்ந்து, மறுபடி நின்று, விட்டுவிட்டுப் போகும். மெதுவாகத் திரும்பும் காரில் பிளேட்டுகள் செய்வதும் அதுவே: ஒட்டும், விடும், மறுபடி ஒட்டும். அதுதான் அந்தக் கடகட சத்தம். உராய்வு மாற்றி எனப்படும் சேர்மானத்தில் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் இருக்கின்றன. அவை பிளேட்டின் மேற்பரப்பில் படிந்து, முதல் ஒட்டுதலைத் தளர்த்துகின்றன. பிளேட்டுகள் சீராக வழுக்கத் தொடங்குகின்றன. தானியங்கி கியர்பாக்ஸ் எண்ணெயில் இதே வேலைக்கு ஒருகாலத்தில் எண்ணெய்த் திமிங்கிலத்தின் கொழுப்பைப் பயன்படுத்தினார்கள். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடைசெய்த பிறகே வேதியியலாளர்கள் மாற்றுச் சேர்மங்களுக்கு முழுமையாக நகர்ந்தார்கள். அந்தத் தடை வந்தது நல்லதாகப் போயிற்று.

ஃபோர்டின் சொந்தச் சேர்மானம் மோட்டார்கிராஃப்ட் எக்ஸ்எல்-3. ஏறத்தாழ 1.8 லிட்டர் கொள்ளும் 8.8 அங்குல அச்சுக்கு 4 அவுன்ஸ், அதாவது 118 மில்லி. நல்லதுதானே என்று இரண்டு பாட்டில் ஊற்றினால் சத்தம் நிற்கும், கூடவே பிடிமானமும் போகும். பிளேட்டுகள் தாராளமாக வழுக்கி, காசு கொடுத்து வாங்கிய லிமிடெட் ஸ்லிப் சாதாரண டிஃபரன்ஷியலாகிவிடும். 'லிமிடெட் ஸ்லிப்' என்று அச்சிட்ட பல எண்ணெய்களில் சேர்மானம் ஏற்கெனவே கலந்தே வருகிறது. அந்த டப்பாவைப் படிக்காமல் இன்னொரு பாட்டில் சேர்ப்பதும் அதே தவறுதான்.

எல்லா லிமிடெட் ஸ்லிப்பும் ஒரே சாதியல்ல என்பதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஈட்டன் நிறுவனத்தின் ட்ரூடிராக் வகையில் கிளட்ச் பிளேட்டே கிடையாது. திருகுப் பற்களின் உராய்வில் ஓடும் அதற்குச் சேர்மானம் வேண்டாம் என்கிறது நிறுவனம். ஜெனரல் மோட்டார்ஸ் லாரிகளில் ஜி80 என்ற குறியீட்டோடு வந்து, ஒரு சக்கரம் வழுக்கினால் இரண்டையும் பூட்டும் ஈட்டன் லாக்கரில் பிளேட்டுகள் உண்டு. ஆனாலும் சேர்மானம் கூடாது. சேர்த்தால் அது பூட்டிக்கொள்ளத் தாமதமாகும். மஹிந்திரா தாரின் சில மாடல்களில் தானாகப் பூட்டிக்கொள்ளும் பின் டிஃபரன்ஷியலும் ஈட்டன் தயாரிப்புதான். மஸ்டாங்குக்குச் சொன்ன வைத்தியத்தைத் தாருக்குச் செய்ய நினைப்பவர்கள் முதலில் வண்டியின் கையேட்டைத் திறந்து பார்க்கட்டும்.

எண்ணெய் மாற்றும்போது, பழையதை வடிப்பதற்கு முன்பே நிரப்பும் மூடி கழல்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அது துருவேறி இறுகியிருந்தால், காலியான அச்சோடு வண்டி அங்கேயே நின்றுவிடும். காந்த மூடியில் சாம்பல் நிறக் குழைவு ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். உலோகச் சில்லுகள் தென்பட்டால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெள்ளத்திலோ ஆற்றிலோ இறங்கிய வண்டிகளில் இதைக் காணலாம். மாற்றுவதற்குக் கணக்கு வைத்திருக்கும் கிலோமீட்டர் வரும்வரை இதில் காத்திருக்கக் கூடாது. புதிதாக நிரப்பும்போது சேர்மானத்தை முதலில் விட்டு, மிச்ச இடத்தை எண்ணெயால் நிரப்பினால் அளவு தவறாது.

பிறகு காலியான மைதானத்தில் எட்டு வடிவில் மெதுவாகச் சில சுற்று ஓட்ட வேண்டும். புது எண்ணெய் பிளேட்டுகளின் இடுக்குகளில் ஏறியதும் பெரும்பாலும் அதிர்வு அடங்கிவிடும். சரியான எண்ணெய், சரியான அளவு சேர்மானம், எட்டு வடிவச் சுற்றுகள் எல்லாம் முடிந்தும் கடகடத்தால் பிளேட்டுகள் கருகியிருக்கலாம் அல்லது தேய்ந்திருக்கலாம். எந்த பாட்டிலும் அதைச் சரிசெய்யாது. பிளேட்டுகளை மாற்றத்தான் வேண்டும்.