முதலில் மூக்கு, அப்புறம் பல்

பிள்ளைக்குப் பல் கோணலாக முளைத்தால் வீட்டில் முதல் விசாரணை பரம்பரையைப் பற்றித்தான். "உங்க அப்பாவுக்கும் இதே தெத்துப்பல்தானே" என்று ஒரு குரல் எழும். "எங்க வீட்ல யாருக்கும் இப்படிக் கிடையாது" என்று எதிர்க்குரல் வரும். ஏழாவது, எட்டாவது படிக்கும்போது கிளிப் போட்டுக்கொள்ளலாம் என்பதோடு பேச்சு முடியும். அந்தப் பிள்ளை ராத்திரி எந்த வழியாக மூச்சு விடுகிறது, சும்மா இருக்கும்போது அதன் நாக்கு எங்கே கிடக்கிறது, தட்டில் வைத்ததை மெல்கிறதா அப்படியே விழுங்குகிறதா என்று யாரும் கேட்பதில்லை. பல பிள்ளைகளிடம் கோணல் பல்லின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. ஐரோப்பாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தில் முன்னே துருத்திய தாடை தலைமுறை தலைமுறையாக ஓவியங்களில் பதிவாகியிருக்கிறது. ஆனால் ஒரே ஊரில், ஒரே ரத்தத்தில், ஒன்றிரண்டு தலைமுறைக்குள் பற்கள் இடமில்லாமல் நெருக்கியடித்தால்? மரபணு அவ்வளவு வேகமாக மாறாது. அமெரிக்க மானிடவியலாளர் ராபர்ட் கொருச்சினி 1980களின் தொடக்கத்தில் இந்தக் கேள்வியைத்தான் எழுப்பினார். கென்டக்கி மாநிலத்துக் கிராமப்புறத்தில் கடினமான உணவைத் தின்று வளர்ந்த மூத்தவர்களின் பல்வரிசை, கடைச் சாப்பாட்டில் வளர்ந்த இளையவர்களுடையதைவிட ஒழுங்காக இருந்தது. இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து சண்டிகர் வட்டாரத்தில் கிராமத்து இளைஞர்களையும் நகரத்து இளைஞர்களையும் ஒப்பிட்டபோதும் நகரத்துப் பக்கம்தான் கோணல் அதிகம்.

நாக்குக்கு ஓர் இடம் உண்டு

'ந' என்று சொல்லிப் பாருங்கள். நாக்கின் நுனி மேல் முன்பற்களின் பின்பக்கத்தை முட்டும். இப்போது 'அன்னம்' என்று சொல்ல ஆரம்பித்து 'ன்' ஒலியிலேயே நிறுத்துங்கள். நுனி சற்றுப் பின்வாங்கி, பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டில் நிற்கும். பேசாமலும் தின்னாமலும் இருக்கும்போது நாக்கு நுனி தங்க வேண்டிய இடம் அதுதான். நாக்கின் மீதிப் பகுதி மேலண்ணத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். உதடுகள் மூடியிருக்கும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றைவிட்டு ஒன்று லேசாக விலகியிருக்கும், மூச்சு மூக்கு வழியே போய்வரும்.

இந்தச் சாதாரண இருப்புக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? பல்வரிசைக்கு வெளிப்பக்கத்திலிருந்து கன்னமும் உதடும் உள்நோக்கி அழுத்துகின்றன. உட்பக்கத்திலிருந்து நாக்கு அதை எதிர்க்கிறது. அமெரிக்கப் பல்சீரமைப்பு அறிஞர் வில்லியம் புரோஃபிட் 1978இல் இந்தச் சமநிலையை அலசி ஒரு முக்கியமான கணக்கைச் சொன்னார். நாம் ஒரு நாளில் ஆயிரம் முறைபோல எச்சில் விழுங்குகிறோம். ஒவ்வொரு முறையும் நாக்கு பலமாகத்தான் அழுத்துகிறது. ஆனால் அது ஒரு விநாடிதான். எல்லாவற்றையும் கூட்டினால் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். சும்மா இருக்கும்போது நாக்கு தரும் மெல்லிய அழுத்தமோ மணிக்கணக்கில் நீடிக்கிறது. பல்லை நகர்த்துவதில் விசையின் பலத்தைவிட அது நீடிக்கும் நேரமே பெரிது. கிளிப் வேலை செய்வதும் இதே விதிப்படிதான்: குறைந்த விசை, நிறைய நேரம்.

மூக்கு அடைத்தால் வாயால் மூச்சு விட வேண்டியிருக்கிறது; காற்றுக்கு வழிவிட நாக்கு கீழே இறங்குகிறது. அப்படி இறங்கிவிட்டால் உட்பக்க எதிர்ப்பு போய்விடுகிறது, கன்னம் ஜெயிக்கிறது. லாடம்போல அகன்று வளைய வேண்டிய மேல்வரிசை குறுகுகிறது, அண்ணம் மேல்நோக்கிக் குவிகிறது. பாதிப்பு வாயோடு நிற்பதுமில்லை. மாடி வீட்டில் கீழ்த்தளத்தின் கூரையே மேல்தளத்தின் தரை என்பதுபோல, வாயின் அண்ணம்தான் மூக்கின் தரை. கூரை குறுகினால் தரையும் குறுகும். ஏற்கெனவே சிரமப்படும் மூக்குக்கு இடம் இன்னும் சுருங்கும். மூக்கடைப்பால் நாக்கு இறங்கியது. இறங்கிய நாக்கால் மூக்கு மேலும் நெருக்கடிக்குள்ளானது. இந்தச் சுழல்தான் விஷயத்தின் மையம்.

குரங்குகள் காட்டியது

இதை நேரடியாகச் சோதித்தவர் எகில் ஹார்வோல்ட். சான்பிரான்சிஸ்கோவில் அவர் நடத்திய சோதனைகளின் முடிவு 1981இல் வெளியானது. வளரும் ரீசஸ் குரங்குகளின் மூக்கைச் சிலிகான் அடைப்பான்களால் அடைத்தார். இன்றைய ஆய்வு அறவிதிகள் எளிதில் அனுமதிக்காத காரியம். மூக்கு அடைபட்ட குரங்குகள் வாயால் மூச்சு விடப் பழகின. ஆனால் எல்லாம் ஒரே மாதிரி பழகவில்லை. சில வாயைத் திறந்தே வைத்திருந்தன, சில ஒவ்வொரு மூச்சுக்கும் தாடையை இறக்கி ஏற்றின, சில நாக்கை வெளியே நீட்டிக்கொண்டன. நாளடைவில் அவற்றின் முகமும் பல்வரிசையும் மாறின. எந்தக் குரங்கு எந்த வழியைக் கைக்கொண்டதோ அதற்கேற்ற கோணல்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. காற்று வாய் வழியே போவதால் எலும்பு கோணுவதில்லை; அதற்காகத் தாடையும் நாக்கும் எடுக்கும் நிலைதான் கோண வைக்கிறது. வாயால் மூச்சு விடும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே முகம் வராததற்கும் காரணம் இதுவே.

பிள்ளைகளிடம் பெரும்பாலும் மூக்கின் பின்பக்கத்தை அடைப்பது அடினாய்டு சதை. 1868இல் கோபன்ஹேகன் மருத்துவர் வில்ஹெல்ம் மேயர் இதை விளக்கி எழுதினார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஸ்வீடனின் லிண்டர்-ஆரன்சன் பெரிய அடினாய்டு உள்ள பிள்ளைகளை அளந்து பார்த்தார். மேல்வரிசை குறுகியிருந்தது, நாக்கு தாழ்ந்திருந்தது, முகத்தின் கீழ்ப்பாகம் நீண்டிருந்தது. சதையை அகற்றிய பிறகு மூக்கால் மூச்சு விடத் தொடங்கிய பிள்ளைகளிடம் பற்களின் சாய்வும் வரிசையின் அகலமும் இயல்பை நோக்கித் திரும்பின. குரங்கில் கெட்டுப்போனது, பிள்ளையில் சரியாவதையும் பார்க்க முடிந்தது.

மெல்லுவதன் பங்கு

நாக்கு நேரத்தால் வேலை செய்கிறது என்றால், மெல்லுதல் பாரத்தால் வேலை செய்கிறது. கடிக்கும்போது தாடை எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து நிமிர்கிறது. அந்தச் சுமைக்குத் தக்கபடி எலும்பு கெட்டிப்பட்டு வளர்கிறது. ஹார்வர்டின் டேனியல் லீபர்மேன் குழு 2004இல் ஹைராக்ஸ் என்ற, முயல் அளவுள்ள ஆப்பிரிக்க விலங்கை எடுத்துக்கொண்டது. மனிதனுக்கு உள்ளதுபோல அதன் முகமும் மூளைப்பெட்டிக்குக் கீழே ஒடுங்கியிருப்பதுதான் காரணம். ஒரு குழுவுக்கு உணவை வேகவைத்தும் இன்னொரு குழுவுக்குப் பச்சையாகவும் காயவைத்தும் கொடுத்தார்கள். மென்மையான உணவில் வளர்ந்தவற்றின் முகத்தில் மெல்லும் சுமை அதிகம் விழும் கீழ், பின் பகுதிகள் ஏறக்குறைய 10 சதவீதம் குறைவாக வளர்ந்திருந்தன.

ஜப்பானில் பழங்கால யாயோய் யுகத்து உணவை மறுபடி சமைத்துச் சாப்பிட வைத்து, ஒரு வேளைக்கு எத்தனை முறை மெல்ல வேண்டியிருக்கிறது என்று எண்ணினார்கள். சுமார் 3,990 முறை. இன்றைய சாப்பாட்டுக்கு 620 போதும். அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் 2009இல் வாய்க்கு 30 முறை மெல்லச் சொல்லி 'கமிங் 30' என்ற பிரச்சாரத்தையே தொடங்கியது. கரும்பைக் கடித்துத் தோல் உரித்த பற்களுக்கு இன்று ஜூஸ் வருகிறது, பனங்கிழங்கை நாரோடு மென்ற தாடைக்குப் பிஸ்கட் வருகிறது. கணக்கு நமக்கும் புரியும்.

ஆனால் "நல்லா மென்னு சாப்பிடு" என்று அதட்டுவதற்கு முன் பிள்ளை சாப்பிடுவதைக் கொஞ்சம் கவனியுங்கள். மூக்கடைத்த பிள்ளை வாயை மூடிக்கொண்டு மெல்ல முடியாது. மூடினால் மூச்சு நின்றுவிடும். இரண்டு மூன்று முறை மெல்லும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், மீதியைத் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளும். முறுக்கு, கடலை உருண்டை வேண்டாம் என்று ஒதுக்கும். தயிர்சாதம், நூடுல்ஸ் என்றால் சம்மதம். வீட்டில் அதற்குச் சாப்பாட்டில் செல்லம், பிடிவாதம் என்று பெயர். உண்மையில் அது தனக்கு முடிந்த உணவைத் தேர்ந்தெடுக்கிறது. அடைப்பைச் சரிசெய்யாமல் மெல்லச் சொல்வதும், நாக்கை மேலே வை என்று பயிற்சி கொடுப்பதும், உதட்டில் டேப் ஒட்டிப் படுக்க வைப்பதும் வீண். டேப் ஆபத்தும்கூட.

பெரியவர்களுக்கு என்ன?

இணையத்தில் 'மியூயிங்' என்று ஒரு மோகம். பிரிட்டன் பல் மருத்துவர் ஜான் மியூவின் பெயரால் வழங்கும் இந்தப் பழக்கத்தில், நாக்கை அண்ணத்தில் அழுத்தி வைத்திருந்தால் தாடை செதுக்கினாற்போல் ஆகிவிடும் என்று நம்பிப் பல பையன்கள் கண்ணாடி முன் நிற்கிறார்கள். வளர்ச்சி முடிந்த எலும்பை இப்படி மாற்றலாம் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. தாடைக்கென்று விற்கும் கெட்டியான சூயிங்கம் தாடை மூட்டு வலியைக் கொண்டுவரக்கூடும்.

தசையின் கதை வேறு; அது எந்த வயதிலும் பயிற்சிக்குக் கட்டுப்படும். பிரேசிலில் 2009இல் வெளியான ஓர் ஆய்வில், தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் மிதமாக இருந்த 31 பேரில் ஒரு பகுதியினருக்கு நாக்கு, தொண்டைத் தசைப் பயிற்சி அளித்தார்கள். மூன்று மாதத்தில் மூச்சுத் தடைகள் ஏறக்குறைய 39 சதவீதம் குறைந்தன, குறட்டையும் தணிந்தது. அதற்கு முன்பே 2006இல் சுவிட்சர்லாந்தில் 25 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் டிட்ஜெரிடூ என்ற நீள்குழலைத் தினமும் ஊதியவர்களுக்குப் பகல் தூக்கம் குறைந்ததைக் கண்டார்கள். எலும்பு மாறவில்லை, காற்றுவழியைத் தாங்கும் தசை வலுவானது.

வயதுதான் வாய்ப்பு

பிள்ளைகளிடம் எலும்பே இணங்கும். மேலண்ணம் இடது, வலது என இரண்டு பாதிகளாக இருந்து நடுவில் ஒரு தையல்கோட்டில் சேர்கிறது. அந்தக் கோடு சிறு வயதில் முழுதாக இறுகியிருக்காது. 1860இலேயே சான்பிரான்சிஸ்கோ பல் மருத்துவர் எமர்சன் ஏஞ்சல் ஒரு பதின்வயதுப் பெண்ணின் அண்ணத்தைத் திருகுக் கருவி வைத்து அகலப்படுத்தினார். அண்ணத்தை விரிக்க இன்று பொருத்தும் 'எக்ஸ்பாண்டர்' கருவியும் அதே வழிதான். அம்மாவோ அப்பாவோ சிறு சாவியால் கால் சுற்று திருப்ப வேண்டும். ஒரு திருப்புக்குக் கால் மில்லிமீட்டர்போல விரியும். சில நாளில் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே திடீரென்று சந்து விழும். வீட்டார் பதறுவார்கள், மருத்துவருக்கோ தையல்கோடு திறந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். சந்து பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். அகன்ற அண்ணத்தில் நாக்குக்கு இடம் கிடைக்கிறது. பல பிள்ளைகளுக்கு மூக்கின் வழியும் கொஞ்சம் தாராளமாகிறது.

ஆக வரிசை இதுதான். குறட்டை, திறந்த வாய், காலையில் வறண்ட உதடு இருந்தால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர்: அடினாய்டா, டான்சிலா, ஒவ்வாமையா என்று தெரிய வேண்டும். அடுத்து நாக்கு மேலே போகத் தடையாகக் குறுகிய அண்ணம் இருக்கிறதா என்று பல்சீரமைப்பு மருத்துவர் பார்க்க வேண்டும். அதன்பிறகே நாக்குப் பயிற்சியும் மெல்லும் பழக்கமும். அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் சங்கம் முதல் பரிசோதனைக்குச் சொல்லும் வயது 7. நாம் போவது பெரும்பாலும் 13இல்.

"வளர்ந்தா சரியாயிடும்" என்று பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை. அடினாய்டு பதின்வயதில் தானாகவே சுருங்கிவிடும். ஆனால் அது அடைத்திருந்த ஆண்டுகளில்தான் முகம் வளர்ந்தது. சதை சுருங்கிய பிறகும் அந்த முகம் அப்படியேதான் இருக்கும்.