ஆர்கன் வாசித்த ஆசிரியர்

ரஷியா, பிரஷ்யா, ஆஸ்திரியா எனும் மூன்று அரசுகள் 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் போலந்து நாட்டைப் பங்கிட்டுக்கொண்ட வரலாற்றை நாம் படித்திருக்கிறோம். ஆனால் அதற்கு நெடுங்காலம் முன்பே, பதினான்காம் நூற்றாண்டில், போலந்து முடியாட்சியினின்று பிரிந்துபோன பகுதி ஒன்று உண்டு. அது மேல் சிலேசியா. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் அது ஆஸ்திரியாவிடமிருந்து பிரஷ்யாவின் கைக்கு மாறியது. மன்னர்கள் மாறினாலும் அங்கே குடியானவர் வீடுகளில் செபம் போலிஷ் மொழியிலேயே ஒலித்து வந்தது.

இந்நிலத்தில் பியெல்க்ஷிமோவித்செ என்னும் சிற்றூரில் (நம் நாவுக்குச் சற்றுக் கடினமான பெயர்தான்!) 1825ஆம் ஆண்டு கரோல் மியார்கா பிறந்தார். தந்தை அவ்வூர்ப் பள்ளியின் ஆசிரியர். ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவரும் அவரே. அக்காலக் கிராமங்களில் இவ்விரு பணிகளும் பெரும்பாலும் ஒருவரிடமே இருந்தன. பள்ளி ஊதியம் சொற்பம்; ஆலய வருவாயும் சேர்ந்தால்தான் குடும்பம் நடக்கும். வாரநாட்களில் எழுத்தும் கணக்கும் ஞானோபதேசமும் கற்பித்தவர், ஞாயிறன்று ஆர்கன் முன் அமர்ந்து ஊராரைப் பாடவைப்பார்.

தந்தையின் பணியை மகனும் ஏற்றார். காலமும் அப்போது சற்று இணக்கமாயிருந்தது. பின்னாளில் பிரெஸ்லாவு மறைமாவட்டத் துணை ஆயரான போகெடைன் என்னும் குரு, 1848 முதல் பள்ளிகளின் மேலதிகாரியாக இருந்து, தொடக்க வகுப்புகளில் போலிஷ் மொழியிலேயே கற்பிக்கச் செய்தார். அவரோ பிறப்பால் ஜெர்மானியர்! மாறாக, மியார்கா முதலில் எழுதியது ஜெர்மன் மொழியில். அவர் பெற்ற கல்வி அத்தகையது. முப்பது வயதைக் கடந்த பின்னரே, ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த செஷின் நகரில் போலிஷ் இதழ் நடத்திய ஸ்டால்மாஹ் என்பவரின் தூண்டுதலால், தம் மக்களின் மொழிக்குத் திரும்பினார். ஸ்டால்மாஹ் அந்நாளில் லூத்தரன் சபையினர் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். 1861இல் மியார்காவின் முதற்கதை அவ்விதழில் வெளிவந்தது.

1869இல் மியார்கா பள்ளியையும் ஆர்கனையும் விட்டார். வடக்கே ஓர் ஊரில் நடந்து வந்த ‘காத்தோலிக்’ என்னும் இதழை வாங்கி, சுரங்கங்களும் இரும்பாலைகளும் நிறைந்த க்ருலெவ்ஸ்கா ஹுத்தா நகருக்குக் கொண்டுவந்தார். மனைவி மக்கள் உள்ளவர் நிலையான வேலையை உதறுவது எளிதன்று. விரைவில் பிஸ்மார்க்கின் ஆட்சி திருச்சபைமீது பாய்ந்தது. 1872இல் பள்ளிகளின் மேற்பார்வையை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. மேல் சிலேசியாவில் ஜெர்மனே பயிற்று மொழி என்று ஆணையும் பிறந்தது. இவற்றை எதிர்த்து எழுதிய மியார்கா பன்முறை நீதிமன்றம் ஏறினார், சிறையும் கண்டார். ஆயினும் இதழ் நிற்கவில்லை.

இறுதியில் இதழை ஒரு குருவானவரிடம் ஒப்படைத்துவிட்டுச் செஷினுக்குச் சென்றார். அங்கே 1882ஆம் ஆண்டு, அன்னையின் விண்ணேற்புத் திருநாளாகிய ஆகஸ்டு 15 அன்று உயிர் நீத்தார். அதன்பின், அதே பெயர் கொண்ட அவருடைய மகன் மிக்கோவுஃப் நகர் அச்சகத்திலிருந்து போலிஷ் செபநூல்களையும் பாடல் நூல்களையும் மலிவு விலையில் வெளியிட்டு வந்தார். 1922இல் அப்பகுதி போலந்துடன் இணைந்தபோது, பியெல்க்ஷிமோவித்செயும் அதில் அடங்கியிருந்தது.