மோரே: கேட் திறந்தால்தான் அடுப்பு எரியும்

இம்பாலிலிருந்து தென்கிழக்கே மலையேறி இறங்கும் சாலை, சுமார் 110 கிலோமீட்டரில் மோரேயில் முடிகிறது. அதைத் தாண்டினால் மியான்மரின் தமு. மணிப்பூரின் இந்த எல்லை ஊரில் அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் உண்டு; தமிழ்ச் சங்கம் உண்டு; இட்லிக்கடையும் பர்மிய நூடுல்ஸான அத்தோ விற்கும் கடையும் உண்டு. தமிழ்நாட்டுக்கு எங்கோ எட்டாத மூலையில் தமிழர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று கேட்டால், இந்த எல்லை வாசலின் வரலாற்றைத்தான் சொல்ல வேண்டும்.

கோடு போட்டவர்கள்

மோரேக்குக் கிழக்கே விரிந்து கிடப்பது கபாவ் பள்ளத்தாக்கு. மணிப்பூர் மன்னர்களும் பர்மிய மன்னர்களும் மாறி மாறிச் சொந்தம் கொண்டாடிய நிலம். முதல் ஆங்கிலேய-பர்மியப் போர் 1826-இல் யாண்டபோ ஒப்பந்தத்தோடு முடிந்தது. 1834-இல் ஆங்கிலேயர் அந்தப் பள்ளத்தாக்கைப் பர்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, மணிப்பூர் அரசுக்கு மாதம் 500 ரூபாய் ஈடு கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். மலையின் இரு பக்கமும் உறவுமுறை வைத்து வாழ்ந்த மக்களை யாரும் கேட்கவில்லை.

1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது, இந்தியர்கள் லட்சக்கணக்கில் கால்நடையாகக் கிளம்பினார்கள். அவர்கள் நடந்த வழிகளில் தமுவும் ஒன்று. பசியிலும் காலராவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம்.

திரும்பிப் போக வந்தவர்கள்

1962-இல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகளும் ஆலைகளும் அரசுடைமையாயின. 1964 மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. தலைமுறைகளாக ரங்கூனில் வாழ்ந்த தமிழர்கள் கட்டிய துணியோடு கப்பலேறிச் சென்னையில் வந்து இறங்கினார்கள். அப்படி வந்தவர்களுக்காக உருவானதுதான் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே உள்ள பர்மா பஜார்.

அவர்களில் சிலரால் இங்கே கால் ஊன்ற முடியவில்லை. பர்மாவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அகதி முகாம் வாழ்க்கை ஒத்துவரவில்லை. விட்டுவந்த வீட்டுக்கே போய்விடலாம் என்று தரைவழியாக மோரே வரை போனார்கள். பர்மியப் படையினர் உள்ளே விடவில்லை. திரும்பிவர மனமும் இல்லை, வழிச்செலவும் இல்லை. அங்கேயே குடிசை போட்டார்கள். மோரே தமிழர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவரும் ஊர்க்கதை இது. பர்மிய மொழி தெரிந்ததால் எல்லை வணிகம் அவர்கள் கைக்கு எளிதாக வந்தது.

சந்தை நாட்கள்

1994 ஜனவரியில் கையெழுத்தான இந்தியா–மியான்மர் எல்லை வணிக ஒப்பந்தம் 1995 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. முதலில் 22 பொருட்களுக்கு மட்டும் பண்டமாற்று அனுமதி. ஆனால் சந்தை அந்தப் பட்டியலுக்குள் அடங்கவில்லை. மோரேயின் இரண்டாம் எல்லைக் கேட்டைத் தாண்டினால் நம்பலாங் சந்தை. அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். காலையில் போய், கம்பளி, செருப்பு, சீன மின்சாதனங்கள் என்று வாங்கிக்கொண்டு, பொழுது சாய்ந்து கேட் மூடுமுன் திரும்பிவிட வேண்டியிருந்தது. தலைச்சுமையாகச் சரக்கு கொண்டுவரும் கூலியில் அன்றைய உலை கொதித்தது. கன்னத்தில் தனகா என்ற மரப்பட்டைச் சாந்து பூசிய பெண்கள் அந்தப் பக்கத்திலிருந்து காய்கறியோடு வந்தார்கள்.

இந்தியா அமைத்துக்கொடுத்த தமு–கலேவா சாலை 2001-இல் திறக்கப்பட்டது. 2015 டிசம்பரில் பண்டமாற்று முறை முடிந்து வழக்கமான ஏற்றுமதி-இறக்குமதி வந்தது. 2018 ஆகஸ்டில் பாஸ்போர்ட், விசாவோடு கடந்துபோகும் பன்னாட்டு வாசலானது மோரே. 2019 ஜனவரியில் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடியும் திறக்கப்பட்டது. தாய்லாந்து வரை சாலை என்ற கனவு கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது.

அடுத்தடுத்து அடி

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகக் கேட் மூடப்பட்டது. மறு ஆண்டு பிப்ரவரியில் மியான்மர் மீண்டும் ராணுவத்தின் பிடிக்குள் போனது. 2022 ஜூலையில் மோரேயைச் சேர்ந்த இரண்டு தமிழ் இளைஞர்கள் தமுவில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2023 மே மாதம் மணிப்பூரில் மெய்தி, குக்கி சமூகங்களுக்கிடையே மூண்ட வன்முறையில் மோரேயின் வீடுகளும் எரிந்தன.

எல்லையோர மக்கள் விசா இல்லாமல் 16 கிலோமீட்டர் வரை போய்வர இருந்த சலுகையை ரத்து செய்வதாக 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்தது. 1,643 கிலோமீட்டர் எல்லை முழுக்க வேலி என்பதும் அப்போதைய அறிவிப்பே. அந்த ஆண்டு இறுதியில் 10 கிலோமீட்டர், அதுவும் அனுமதிச் சீட்டோடு என்று விதி மாறியது.

போதைப்பொருளும் ஆயுதமும் இந்த வழியாக வருகின்றன என்ற அரசின் கவலை நியாயமானது. அதைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் கடத்தல்காரன் காட்டுப் பாதையில் போவான். கேட்டில் வந்து வரிசையில் நிற்பவர் கூலிக்காரரும் சிறு வியாபாரியும்தான். வாசல் மூடினால் முதலில் பட்டினி கிடப்பது அவர்கள் வீடு. தமு மருத்துவம் தேடி இம்பாலை நம்புகிறது. மோரே பிழைப்புக்குத் தமுவை நம்புகிறது.

1834-இல் கோடு போட்டபோது எல்லை மக்களின் குரலை யாரும் கேட்கவில்லை. 1960-களில் வாசலை அடைத்தபோதும் கேட்கவில்லை. மோரேயின் எதிர்காலம் பேசப்படும் மேசையில் இந்த முறையாவது குக்கி, மெய்தி, தமிழர், நேபாளி என்று எல்லோருக்கும் இடம் வேண்டும். சோதனை கறாராக இருக்கட்டும். அடையாள அட்டை கட்டாயமாகட்டும். ஆனால் பகல் நேரச் சந்தைக்கு வாசல் திறந்தே இருக்க வேண்டும். பாதுகாப்பும் பிழைப்பும் ஒன்றையொன்று விழுங்க வேண்டியதில்லை.